வெள்ளை பாடியில் ஏழாவது தட்டு

1

கார்டன் ப்ளூர் உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தான். கரும்பச்சைப் பெயின்ட் தெறித்து அவன் மூக்குக்கண்ணாடியில் ஒட்டியது. துடைக்கவில்லை. மறுபடி அடித்தான்.

அவன் உடைத்துக்கொண்டிருந்தது சொந்தக் காரை. நான்கு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று வளர்ந்த கார். அறுபதுகளில் பந்தயத்தில் ஓடிய, பின்பக்கம் திமில் வைத்த, கூரையில்லாத ஒரு காரின் நகல். இடது கதவு தனியாகக் கழன்று தரையில் கிடந்தது. கதவின் கீல் பிய்த்துக்கொண்டு வந்த இடத்தில் உளியை நுழைத்து நெம்பினான். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து விழுந்தது. அதற்குப் பின்னால் கெட்டியான ஃபைபர்கிளாஸ் இருந்திருக்க வேண்டும். இருந்தது, தேங்காய்த்துருவல் மாதிரி வெள்ளை வெளேரென்று உலர்ந்த நார். விரலால் தொட்டான். உதிர்ந்தது.

கார்டன் சுத்தியலைக் கீழே வைத்தான். கோட்டை மாட்டிக்கொண்டு வில்ஃப் டாம்ஸ் வீட்டுக்குக் கிளம்பினான். அப்போது அவன் முகம், பல வருடம் நம்பிய ஒருவரை முதல்முறையாகச் சந்தேகப்படுகிற மனிதனின்

முகத்தை விட்டுவிடுகிறேன். அந்த முகத்தை எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஏன் என்பது போகப்போகத் தெரியும். அல்லது தெரியாமல் பார்த்துக்கொள்வேன்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில், ஸ்டோக் என்ற ஊரில் எங்கள் கார் சங்கத்துக்கு ஒரு செய்திமடல் உண்டு. நகலெடுத்து ஸ்டேப்ளர் அடித்த எட்டுப் பக்கம். சங்கத்தில் எழுதத் தெரிந்தவன் என்று பேரெடுத்தவன் நான். பஸ் ஓட்டுவது வேலை. மிச்ச நேரத்தில் சென்னை வார இதழ் ஒன்றுக்குத் தொடர்கதை. கொலை, கடத்தல், காணாமல்போன உயில். இங்கே யாரும் ஒரு வரிகூடப் படித்ததில்லை. என் புகழுக்கு அதுதான் காரணம்.

போன வாரம் செயலாளர் கேட்டார்: "நல்ல ஃபைபர் பாடியைத் தேர்ந்தெடுப்பது எப்படின்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்க. அஞ்சே குறிப்பு. கார்டனுக்கு நடந்தது இன்னொருத்தனுக்கு நடக்கக் கூடாது. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்குள்ள வேணும்."

நான்கு குறிப்புகளை ஒரே மூச்சில் எழுதினேன். ஐந்தாவதில் பேனா நின்றது. நின்ற இடத்திலிருந்து இந்தக் கதை வழிந்துகொண்டிருக்கிறது.

2

அந்த நான்கு குறிப்புகள் இவை. கார் கட்டாதவர்கள் தாண்டிப் போகலாம் என்று சொல்ல மாட்டேன். ஒருவனுடைய தப்பு புரிய வேண்டுமானால் சரி எதுவென்று தெரிய வேண்டும்.

முதலாவது: பாடியைக் குழல் விளக்குக்குக் கீழே நிறுத்துங்கள். பக்கவாட்டில் விளக்கின் பிம்பம் நீளக் கோடாக விழும். மெல்ல நடந்துகொண்டே அந்தக் கோட்டைப் பாருங்கள். கூடவே வழுக்கி வந்தால் நல்ல அச்சில் வார்த்தது. நீரில் விழுந்த கயிறு மாதிரி நெளிந்தால், எவ்வளவு பெயின்ட் அடித்தாலும் நெளியும்.

இரண்டாவது: கதவைச் சாத்தி, சுற்றியுள்ள இடைவெளியில் சுண்டுவிரல் நகத்தை ஓட்டுங்கள். மேலே ஒரு அகலமும் கீழே ஒரு அகலமும் இருந்தால், இறுகுவதற்கு முன்பே அவசரப்பட்டு அச்சிலிருந்து உருவியிருக்கிறார்கள். குனிந்து மோந்து பாருங்கள். மருந்து நெடி மூக்கில் ஏறினால் அது இன்னும் வேகாத பாடி. வேகாததை வாங்கினால் உங்கள் வீட்டில் வந்துதான் கோணும்.

மூன்றாவது: சக்கர வளைவின் ஓரத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவே பிடித்துக்கொண்டே போங்கள். கனம் மாறக் கூடாது.

நான்காவது: திருப்பிப் போட்டுப் பாருங்கள். முன்பக்கத்தை எல்லோரும் மெருகேற்றுவார்கள். வேலை செய்தவனின் கை பின்பக்கத்தில்தான் இருக்கிறது. கண்ணாடி நாரால் ஆன பாயை விரித்து, அதன் மேல் ரெசின் என்ற பசையை ஊற்றி, உருளையால் அழுத்தி அழுத்தி நனைக்க வேண்டும். நனைந்த பாய் தேன் நிறத்தில் மங்கலாக ஊடுருவித் தெரியும். நனையாத பாய் வெள்ளையாக இருக்கும். வெள்ளை தெரிந்தால் விலகி வந்துவிடுங்கள்.

ஐந்தாவது: தட்டிப் பாருங்கள். ஒரு நாணயத்தால், கை அகலத்துக்கு ஒரு தட்டு. நல்ல இடம் கணீரென்று

இங்கேதான் நின்றது.

செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் என்ன நடக்கப் போகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கார்டனுக்கு அந்த பாடியை வார்த்து விற்றவள் பெவர்லி மேச்சின். டன்ஸ்டாலில் வாடகைக் கொட்டகை, இரண்டு அச்சு, ஒரு கெட்டில். கார்டனோடு பாடி பார்க்க வந்த வில்ஃபுக்கு அவள் லஞ்சமாக ஒரு கார் பானெட் கொடுத்து அழுகிய பாடியை விற்றாள் என்று சங்கம் நம்புகிறது. இனி எங்கள் கோடைக் கண்காட்சியில் அவளுக்குக் கடை கிடையாது என்று செவ்வாய்க்கிழமை தீர்மானம் போடப் போகிறார்கள். அவளுக்கு வருகிற வேலையில் பாதிக்கு மேல் அந்தக் கடையில்தான் வருகிறது. தீர்மானம் நிறைவேறினால் கொட்டகையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

அவள் லஞ்சம் கொடுக்கவில்லை. எனக்குத் தெரியும்.

3

இப்போது மார்ச் மாதத்துக்குப் போவோம். கொட்டகைக் காட்சி. இதில் வருகிறவர்கள் மூன்று பேர்: வாங்க வந்த கார்டன், பார்த்துச் சொல்ல வந்த வில்ஃப், விற்கிற பெவர்லி. மூவரும் தனித்தனியே சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

முதல் வரியாக இதை முயன்றேன்: "அந்தக் கொட்டகையில் ஏதோ ஒன்று சரியில்லை." அடித்துவிட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதுதான் சிக்கல். அடுத்து: "பெவர்லியின் கண்களில் ஒரு மின்னல்." அதையும் அடித்தேன். அவள் கண்ணில் இருந்தது தூசி.

மூன்றாவது முயற்சி:

பெவர்லி இரண்டு பேருக்கும் தேநீர் கொண்டுவந்து வைத்தாள். வில்ஃப் டாம்ஸ் கப்பை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு சாஸரைத் திருப்பி அடியிலுள்ள முத்திரையைப் பார்த்தார். எழுபத்தொரு வயது. இந்த ஊர்க்காரர்கள் எல்லோருமே சாஸரைத் திருப்புவார்கள். கல்யாண விருந்திலும் திருப்புவார்கள், சாவு வீட்டிலும் திருப்புவார்கள். பீங்கான் ஊர்.

"எங்க வார்த்ததுன்னு பாக்கறீங்களா கண்ணு?"* என்றாள் பெவர்லி.

"எங்க வார்க்கலன்னு பாக்கறேன். இது வெளியூர்ச் சரக்கு. வெக்கமா இல்ல உனக்கு?"

"டீ நம்மூர்த் தண்ணிதான். குடிங்க."

(* இங்கே ஆண், பெண், போலீஸ், பாதிரியார், யாராக இருந்தாலும் 'டக்', அதாவது 'வாத்தே' என்றுதான் கூப்பிடுவார்கள். அப்படியே தமிழில் போட்டால் சண்டை வரும். கண்ணு என்று போட்டிருக்கிறேன்.)

கார்டனுக்குத் தேநீரில் மனம் இல்லை. அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். எஞ்சின் தெரியும், அச்சாணி தெரியும், வெல்டிங் தெரியும். சேஸிஸ், ஸ்டியரிங் எல்லாம் அவனே கட்டி முடித்துவிட்டான். ஃபைபர்கிளாஸ் மட்டும் தெரியாது. அதற்குத்தான் வில்ஃப். முப்பத்தெட்டு வருடம் லாங்டனில் ஒரு பீங்கான் ஆலையில் தேர்வாளர். வேலை என்னவென்றால் தட்டைத் தட்டுவது. விரல்கணுவால் ஒரு தட்டு. கணீரென்றால் பெட்டிக்கு, மந்தமென்றால் குப்பைக்கு. கண்ணுக்குத் தெரியாத விரிசல் காதுக்குத் தெரியும். ஒரு நாளைக்கு நாலாயிரம் தட்டு. ஓய்வு பெற்ற பிறகு சங்கத்தில் யார் பாடி வாங்கினாலும் அவரைத்தான் கூட்டிப் போவார்கள்.

(தட்டு என்ற பொருளுக்கும் தட்டு என்ற செயலுக்கும் தமிழில் ஒரே சொல் என்று ஒரு நாள் வில்ஃபிடம் சொன்னேன். "அப்ப உங்க பாஷை எங்க ஊர்லதான் பொறந்துருக்கணும்" என்றார்.)

"ரெண்டு இருக்கு" என்றாள் பெவர்லி. "நீலம் ஒண்ணு, வெள்ளை ஒண்ணு. உள்ளதச் சொல்லிடறேன், ரெண்டும் என் கை வேலை இல்ல. மணிக்கட்டு உடைஞ்சு ரெண்டு மாசம் கட்டுப் போட்டுக் கெடந்தேன். கூலிக்கு ஒரு ஆளு வந்து போட்டுட்டுப் போனான். வெளிய நல்லாத்தான் இருக்கு. குனிஞ்சு பாத்தா கதவுக் கீல் பக்கமெல்லாம் தெரியாது. திருப்பிப் போட்டுப் பாத்துட்டு எடுங்க. நானும் ஒரு கை பிடிக்கறேன்."

கார்டன் வில்ஃபைப் பார்த்தான்.

"எதுக்குத் திருப்பணும்?" என்றார் வில்ஃப்.

"ஏன் பெருசு, முதுகு பிடிச்சுக்கும்னு பயமா?"

"என் முதுகு நல்லாத்தான் இருக்கு. முப்பத்தெட்டு வருஷம் தட்டு பாத்தவன் நான். இது கொஞ்சம் பெரிய தட்டு, அவ்வளவுதான். நீ போய் மூக்குப் பக்கம் அளவு எடு. எனக்குப் பக்கத்துல பேசிட்டு நிக்காத, காது கெடும்."

கார்டன் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு முன்பக்கம் போனான். பெவர்லிக்குத் தொலைபேசி வந்தது. கதவோரம் போய்ப் பேசினாள். வில்ஃப் பத்து பென்ஸ் நாணயத்தை எடுத்தார்.

நீல பாடி: எட்டுத் தட்டு. "மந்தம்" என்று அறிவித்தார்.

வெள்ளை பாடி. கண்ணாடி போன்ற மேனி. குழல்விளக்கின் பிம்பம் ஒரு நெளிவில்லாமல் ஓடியது. பின்திமிலில் இரண்டு தட்டு. கதவுக்குப் பின்னால் இரண்டு. கதவுக்குக் கீழே இரண்டு. ஏழாவது தட்டு இடது கதவின் கீல் பதிகிற இடத்தில்.

[இந்தச் சத்தத்துக்கு ஒரு சொல் தேடி ஒரு முழு நாள் போயிற்று. தொப், பொத், டொக். எதுவும் சரியில்லை. இடத்தை விட்டுவைக்கிறேன்.]

வில்ஃப் நிமிர்ந்தார். சிரித்தார். "மணி கண்ணு. கோயில் மணி. கட்டு வண்டியில."

தட்டைத் திருப்பிப் பார்க்காமல் சாப்பிட உட்காராத ஊரில், அன்று பாடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. வெள்ளை பாடி வண்டியில் ஏறியது. நீலத்தை மறுவாரம் லீக் ஊர்க்காரர் ஒருவர் வாங்கினார். அது இன்றும் ஒரு கீறல் இல்லாமல் ஓடுகிறது.

4

ஜூலைக் கண்காட்சியை நான் எழுதப் போவதில்லை. வெயில், புல்வெளி, கரும்பச்சைப் பெயின்ட் சூட்டை இழுத்தது, கதவோரம் அப்பளம் மாதிரி உப்பியது, கார்டன் கதவைச் சாத்தினான், கதவு கையோடு வந்தது. போதும். அதை விவரித்தால் எனக்கு ருசிக்கத் தொடங்கிவிடும்.

அதற்கு அடுத்த நாள்தான் உளி. உளிக்குப் பிறகு வில்ஃப் வீட்டுத் தோட்டம்.

இந்தக் காட்சியைச் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தவர் வில்ஃபின் மனைவி மேவிஸ். அவர் எனக்குச் சொன்னார். ஏழு தடவை எழுதிவிட்டேன். ஏழிலும் பேச்சு மட்டும் மாறவில்லை.

வில்ஃப் கண்ணாடிக் குடிலுக்குள் தக்காளிச் செடிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கார்டன் இரண்டு தடவை கூப்பிட்டான். மூன்றாவது தடவை தோளைத் தொட்டான்.

"கதவு விழுந்துருச்சு."

"எந்தக் கதவு?"

"என் கார் கதவு. நேத்து. முந்நூறு பேரு பாக்க. ஒரு சின்னப் பொண்ணு ஐஸ்கிரீம் நக்கிட்டே அவங்கப்பாகிட்ட, 'அந்தக் கார் செத்துருச்சா'ன்னு கேட்டுச்சு."

வில்ஃப் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒடச்சுப் பாத்தேன். உள்ள ரெசினே படல. பஞ்சு மாதிரி இருக்கு. நீங்க மணின்னீங்க."

"ம்."

"பஞ்சு எப்படி மணி அடிக்கும் வில்ஃப்?"

வில்ஃப் கயிற்றில் முடிச்சுப் போட்டார். அவிழ்த்தார். மறுபடி போட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், நேரா சொல்லிடுங்க. அந்த மாசமே அவகிட்டேருந்து ஒரு பானெட் உங்க வீட்டுக்கு வந்துச்சு. தெருவுல எல்லாரும் பாத்தாங்க. அதுக்காகத்தான் வெள்ளைய என் தலைல கட்டுனீங்களா? திருப்பிப் பாருங்கன்னு அவ சொன்னதும், வேண்டாம்னு நீங்க சொன்னதும், ரெண்டு பேரும் பேசி வெச்ச நாடகமா?"

(அந்த பானெட் ஒரு கழிசல். மூலையில் விரிசல் விட்டது. வில்ஃப் அதைக் காசு கொடுத்து வாங்கினார். ரசீது பெவர்லியிடம் இருக்கிறது. அது போலி என்று சங்கம் சொல்லும்.)

"அப்படியே வெச்சுக்க" என்றார் வில்ஃப்.

"வெச்சுக்கறதெல்லாம் வேண்டாம். ஆமாவா, இல்லையா?"

வில்ஃப் தக்காளியைப் பார்த்தார்.

"ஆமா."

கார்டன் குடிலின் வாசல்வரை போய்த் திரும்பினான்.

"ஆமான்னுட்டீங்க. வர்ற வழியெல்லாம், இல்லன்னுதான் சொல்லுவீங்க, நான் மன்னிச்சிருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு டீ குடிச்சிட்டுப் போயிரலாம்னு நெனச்சுட்டே வந்தேன்."

போய்விட்டான். கதவைச் சாத்தவில்லை.

5

இப்போது நீங்கள் வில்ஃபைப் பற்றி ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். நானும் வந்தேன். முதல் வரைவில் அவரை லஞ்சம் வாங்கினவராகவே எழுதினேன். கதை எண்ணெய் போட்ட சக்கரம் மாதிரி ஓடியது. இரண்டாவது வரைவில் அவருக்கு அவசரம். மூன்றாவதில் கண்பார்வை மங்கல். வாத்தியார்கள் மதிப்பெண்ணை அடித்து மாற்றிப் போடுகிற மாதிரி ஒரு பாத்திரத்தின் குற்றத்தை மாற்றி மாற்றிப் போட்டேன். அந்த மூன்றும் பொய்.

உண்மை மேவிஸ் சொன்னது. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, சீஸும் பேக்கனும் வைத்துச் சுருட்டிய ஓட்கேக்கை, இந்த ஊர் ஓட்ஸ் தோசையை, என் முன்னால் வைத்துவிட்டு, கூடத்தைப் பார்த்துக் கையைக் காட்டினார். கூடத்தில் டீவி அலறிக்கொண்டிருந்தது. வில்ஃப் அதற்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"ஊரே அவரத் திருடன்னுது. அவரு திருடன் இல்ல கண்ணு. செவிடு."

நான் ஓட்கேக்கை வெட்டிக்கொண்டிருந்தேன்.

"நாலு வருஷமா. மெல்லப் பேசறது சுத்தமாக் கேக்காது. நம்ம வாயப் பாத்தே பேசிருவாரு. காதுக்கு மெஷின் வாங்கி அலமாரில வெச்சுருக்கு, போட மாட்டேங்கறாரு. காத வெச்சுச் சோறு தின்ன மனுஷன். தெரு முழுக்க, 'வில்ஃப் காது'ன்னு பேரு. அது போயிருச்சுன்னு தெரியறதுக்குப் பதிலா திருடன்னே பேரோட இருந்துட்டுப் போறேங்கறாரு. நேத்துக் கேட்டேன், அந்தப் பொண்ணு பெவர்லி என்ன பாவம் பண்ணுச்சுன்னு. எழுந்து தோட்டத்துக்குப் போயிட்டாரு."

"அவரே சொல்லிட்டா..."

"சொல்ல மாட்டாரு. நான் சொன்னேன்னு நீங்களும் சொல்லிடாதீங்க. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். என் வாழ்க்கையில் இவ்வளவு வேகமாக நான் எந்தச் சத்தியமும் பண்ணியதில்லை.

அப்படியானால் அந்த நாணயம்? நாடகம்தான். கண்ணால் ஒரு முடிவெடுத்துவிட்டு, கையால் தட்டி, காதால் கேட்டதாகச் சொன்னார். வெள்ளையின் மேனி அவ்வளவு அழகு. நான்கு வருடமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தார். அதிர்ஷ்டம் கூடவே வந்தது. இந்த ஒரு தடவை வரவில்லை.

அவரைத் திட்டி ஒரு பத்தி எழுதினேன். "தன் கௌரவத்துக்காக இன்னொருத்தியின் பிழைப்பை" என்று தொடங்கியது. பத்தி நன்றாக வந்திருந்தது. படித்துப் பார்த்தபோது காது சூடேறியது. கிழித்துவிட்டேன்.

6

வியாழக்கிழமை, டன்ஸ்டால் நிறுத்தத்தில் பெவர்லி என் பஸ்ஸில் ஏறினாள். கை முழுக்க வெள்ளைத் தூசி.

"எழுதிட்டீங்களா கண்ணு? அஞ்சு குறிப்பு எழுதறீங்களாமே."

"நாலு ஆச்சு."

"'மேச்சின் கிட்ட வாங்காதே'ங்கறது அஞ்சாவதா?"

சிரிக்கப் பார்த்தேன். பின்னால் ஏறியவர் இருமினார். அவள் சீட்டை வாங்கிக்கொண்டாள், போகவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்திலேயே நின்றாள்.

"நான் அந்த பாடி நல்லதுன்னு சொல்லல. என் கை வேலை இல்லன்னு சொன்னேன். திருப்பிப் பாருங்கன்னு சொன்னேன். விக்கிறவ எவளாவது இப்படிச் சொல்லுவாளா? கார்டன் அத நாடகங்கறான். சரி, அவன் கோவம். வில்ஃப் வாயே தெறக்க மாட்டேங்கறாரு. கூட்டத்துக்கு நான் வரல. வந்து எதுக்கு? நான் சொல்றத நானே சொன்னா யாரு நம்புவா?"

"வாகனம் ஓடும்போது ஓட்டுநரோடு பேசக் கூடாது" என்று பலகை இருக்கிறது. அதைக் காட்டினேன். வேடிக்கையாகக் காட்டுகிறேன் என்று அவள் நினைத்துக்கொள்ள வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

[இந்த இடத்தில் அவள் இன்னும் ஒரு வரி சொன்னாள். அடித்துவிட்டேன்.]

பர்ஸ்லெமில் இறங்கினாள். படியில் நின்று, "தேங்க்ஸ் கண்ணு" என்றாள். இந்த ஊரில் இறங்குகிற எல்லோரும் ஓட்டுநருக்கு நன்றி சொல்வார்கள். வழக்கம்தான். அடுத்த இரண்டு நிறுத்தம் வரை எனக்குக் கியர் சரியாக விழவில்லை.

7

முடிவு. செவ்வாய்க்கிழமை இன்னும் வரவில்லை என்பதால் உங்களுக்கு மூன்று தருகிறேன், வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று. பப்பின் மாடியில் கூட்டம். தீர்மானத்தைப் படிக்கிறார்கள். வில்ஃப் எழுந்து, அலமாரியில் இருந்த மெஷினைக் காதில் மாட்டிக்கொண்டு, "இப்ப சொல்லுங்க, என்ன சொன்னீங்க" என்கிறார். எல்லோருக்கும் புரிந்துவிடுகிறது. கார்டன் அவருக்கு ஒரு பியர் வாங்கித் தருகிறான். எனக்கு மிகவும் பிடித்த முடிவு. வில்ஃப் அப்படி எழமாட்டார். அவருடைய மௌனத்துக்கு அவ்வளவு வயதாகிவிட்டது.

இரண்டு. யாரும் எதுவும் பேசவில்லை. கைகள் உயர்கின்றன. குளிர்காலத்துக்குள் டன்ஸ்டால் கொட்டகையில் வேறு யாரோ சோஃபாவுக்கு உறை தைக்கிறார்கள். இது எழுதாமலே நடந்துவிடும்.

மூன்று. சங்கத்தில் எழுதத் தெரிந்தவன் என்று பேரெடுத்த ஒருவன் எழுந்து நின்று, "திருப்பிப் பாருங்கன்னு பெவர்லி சொன்னது உண்மை. நாடகம் இல்ல. பேசி வெச்சது இல்ல" என்கிறான். உடனே செயலாளர் கேட்பார்: "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்விக்கு அவன் பதில் சொல்ல வேண்டும். மேவிஸ் சொன்னார் என்று சொல்ல முடியாது, சத்தியம் இருக்கிறது. மூன்று பேர் சொல்லக் கேட்டேன் என்று உங்களிடம் சொன்னதையே அங்கேயும் சொல்லலாம். பெவர்லி இல்லாத கூட்டத்தில் அது செல்லும். ஆனால் கார்டன் அங்கே உட்கார்ந்திருப்பான்.

பஸ்ஸில் பெவர்லி சொன்ன, நான் அடித்துவிட்ட வரி இது: "நீங்களும் அங்கதான இருந்தீங்க."

இருந்தேன். கொட்டகையில் நான்கு பேர். நான் எந்த வரைவிலும் என்னை உள்ளே விடவில்லை. கார்டன் அளவெடுக்கப் போனான், பெவர்லி தொலைபேசிக்குப் போனாள். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு வில்ஃபுக்கு இரண்டடி தள்ளி நின்றேன். கார்டன் இத்தனை மாதத்தில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஃபைபர்கிளாஸ் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவன் எண்ணம். தெரிந்திருக்கத் தேவையில்லை. ஏழாவது தட்டு, நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டியது மாதிரி இருந்தது. சின்னப் பிள்ளைக்கும் கேட்டிருக்கும். வில்ஃப் என் முகத்தைப் பார்த்துச் சிரித்து "மணி" என்றார். பாடி செத்ததும் காது செத்ததும் எனக்கு ஒரே நொடியில் தெரிந்துவிட்டது. மேவிஸ் ஆகஸ்டில் சொன்னபோது நான் ஓட்கேக்கை வெட்டிக்கொண்டே இருந்தது அதனால்தான்.

வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

பெரியவர் மேல் மரியாதை என்று இதை எழுதிப் பார்த்தேன். வந்தேறி ஒருவன் இந்த ஊர்க் காதைத் திருத்துவதா என்ற கூச்சம் என்று எழுதிப் பார்த்தேன். இரண்டும் படிக்க நன்றாக இருந்தன. இரண்டும் அப்போது என் மனதில் இல்லை. கார்டன் நாடாவை மடித்துக்கொண்டு எங்களை நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தான். அவன் வந்து சேர நான்கு எட்டு இருந்தது. அந்த நான்கு எட்டிலும் நான் நினைத்துக்கொண்டிருந்தது, அத்தியாயத்தை இந்த இடத்தில் நிறுத்தினால் பிரமாதமாக இருக்கும் என்று.